விடுதலையில் ஐயம்: 1865இல் அமெரிக்க அடிமைகளின் சட்டநிலை

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு நூல்களின் 'இத்க்' (அடிமை விடுதலை) பாடத்திற்கு வரும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இன்று அடிமைகளே இல்லாதபோது இந்தப் பாடம் எதற்கு?" கேள்வி நியாயமானதே. ஆயினும் அப்பாடத்தின் கணிசமான பகுதி அடிமையை வைத்திருப்பதைப் பற்றியதன்று; ஒரு மனிதன் அடிமையா சுதந்திரமானவனா என்பதில் ஐயம் எழுந்தால் எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றியதாகும். எஜமான் மரணத்திற்கு முன் விடுதலைச் சொல்லைச் சொன்னானா? இருவருக்குப் பங்குள்ள அடிமையை ஒருவர் மட்டும் விடுவித்தால் மற்றவரின் பங்கு என்னாகும்? தாயின் விடுதலை முந்தியதா, குழந்தையின் பிறப்பு முந்தியதா? விடை மாறினால் ஒருவரின் திருமணம், வாரிசுரிமை, சாட்சியம் அனைத்தும் மாறிவிடும்.

தனிமனிதர்களை முன்வைத்து நம் இமாம்கள் ஆராய்ந்த இத்தகைய ஐயம், ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்களைப் பற்றி ஒரே காலத்தில் எழுந்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உள்நாட்டுப் போர் (1861–1865) முடிவுற்ற ஆண்டில் அது நிகழ்ந்தது. "லிங்கன் போரில் வென்றார், அடிமைகள் விடுதலை பெற்றனர்" என்று நாம் பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் படித்தோம். அந்த ஒரு வரிக்குள் நீதிமன்றங்களாலும் எளிதில் அவிழ்க்க இயலாத முடிச்சுகள் பல உள்ளன.

1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிக்கை, நாடு முழுவதற்குமான சட்டம் அன்று. படைகளின் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தில், போர் நடவடிக்கையாகவே அதை அவர் பிறப்பித்தார். எனவே கிளர்ச்சி செய்த பகுதிகளில் வாழ்ந்த அடிமைகளை மட்டுமே அது விடுவித்தது. ஐக்கிய அரசின் பக்கம் நின்ற கெண்டக்கி, மேரிலாந்து, மிசூரி, டெலவேர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்களையும் அது தொடவில்லை. டென்னசி மாநிலமும், லூயிசியானாவிலும் வர்ஜீனியாவிலும் ஏற்கெனவே படையின் கைக்கு வந்துவிட்ட சில பகுதிகளும் விலக்கப்பட்டன. விசித்திரம் என்னவெனில், லிங்கனின் ஆணை செல்லாத இடங்களில் இருந்தவர்களை அறிக்கை விடுவித்தது. அவர் ஆணை செல்லும் இடங்களில் இருந்தவர்களை விட்டுவிட்டது. அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அமைதிக் காலத்தில் ஒரு மாநிலத்தின் சொத்துச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இல்லை. எதிரியின் வலிமையைக் குறைக்கும் போர் அதிகாரம் மட்டுமே அவர் கையில் இருந்தது.

அப்படியானால் போர் முடிந்ததும் போர் நடவடிக்கையின் நிலை என்ன? இக்கேள்வி லிங்கனுக்கே இருந்தது. 1865 பிப்ரவரி 3 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் தென்மாநிலப் பிரதிநிதிகள் அவரைச் சந்தித்தபோது இதையே கேட்டனர். அது நீதிமன்றங்கள் தீர்க்கவேண்டிய வினா என்றும், போர் நின்றபின் அறிக்கை புதிதாக எவரையும் விடுவிக்காது என்பதே தம் சொந்தக் கருத்து என்றும், நீதிமன்றம் வேறுவிதமாகவும் கூறலாம் என்றும் லிங்கன் பதிலளித்ததாக, அங்கிருந்த அலெக்சாந்தர் ஸ்டீஃபன்ஸ் பின்னர் எழுதினார். ஸ்டீஃபன்ஸ் எதிர்த் தரப்பின் துணைத் தலைவர். அவர் கூற்றை எச்சரிக்கையுடனே ஏற்க வேண்டும். எனினும் நீதிமன்றத்தைப் பற்றிய அச்சம் பொய்யன்று. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பெழுதிய ரோஜர் டானிதான் 1864 அக்டோபரில் இறக்கும்வரை தலைமை நீதிபதியாக இருந்தார்.

இந்த ஐயத்தை வேரோடு களைவதற்கே அரசியல் சாசனத்தின் 13ஆம் திருத்தம் கொண்டுவரப்பட்டது. செனட் சபை 1864 ஏப்ரலில் அதை ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் அவ்வாண்டு தோற்று, 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு அதை ஏற்க வேண்டும். 36 மாநிலங்களில் 27ஆவதாக ஜார்ஜியா ஏற்றது 1865 டிசம்பர் 6 அன்று. வெளியுறவுச் செயலர் சூவர்ட் அதனைச் சான்றளித்து அறிவித்தது டிசம்பர் 18 அன்று. தளபதி லீ சரணடைந்ததோ ஏப்ரல் 9இல். இடைப்பட்ட எட்டு மாதங்களே நம் ஆய்வுக்குரியவை.

மேரிலாந்து 1864 நவம்பரிலும் மிசூரி 1865 ஜனவரியிலும் டென்னசி பிப்ரவரியிலும் தாமாகவே அடிமை முறையை ஒழித்துவிட்டன. டெலவேரில் 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி அடிமைகள் 1,798 பேர் மட்டுமே. கெண்டக்கி அப்படியன்று. அங்கு 1860இல் 2,25,483 அடிமைகள் இருந்தனர். அம்மாநிலம் லிங்கன் பிறந்த மண்; போரில் ஐக்கிய அரசின் பக்கம் நின்றது; திருத்தத்தை 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. அடிமைகளின் 1864ஆம் ஆண்டு மதிப்பீடான சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலரை இழப்பீடாகப் பெற்றுக்கொண்டு ஒப்புதல் தரலாம் என்ற ஆளுநரின் யோசனையும் அங்கு எடுபடவில்லை. எனவே போர் முடிந்து, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு, லிங்கனும் கொல்லப்பட்ட பிறகும் கெண்டக்கியில் மனிதன் மனிதனுக்குச் சொத்தாகவே இருந்தான், அதுவும் சட்டப்படி.

அச்சட்டத்தில் ஓட்டை விழுந்தது படைவீரர்களால். ஐக்கியப் படையில் சேரும் அடிமை விடுதலை பெறுவான் என்ற விதியின்கீழ் கெண்டக்கியிலிருந்து ஏறத்தாழ 24,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தனர். அவர்களின் மனைவி மக்களோ அடிமைகளாகவே இருந்தனர். கணவன் படைக்குச் சென்ற கோபத்தை எஜமானர்கள் அவர்கள் மீது காட்டவே, பெண்களும் குழந்தைகளும் கேம்ப் நெல்சன் என்ற படைமுகாமைத் தேடி வந்தனர். 1864 நவம்பர் இறுதியில், உறைபனிக் காலத்தில், முகாமின் தளபதி சுமார் 400 பேரை வண்டிகளில் ஏற்றி வெளியேற்றி, அவர்கள் தங்கியிருந்த குடில்களையும் அழித்தான். அவர்களுள் 102 பேர் இறந்தனர். இந்தக் கொடுமை செய்தியாகப் பரவியதன் விளைவாக, கறுப்பினப் படைவீரரின் மனைவியும் குழந்தைகளும் விடுதலை பெறுவர் என்ற சட்டத்தை 1865 மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் இயற்றியது.

ஃபிக்ஹு பயின்றவர் உடனே கேட்பார்: மனைவி யார்? அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் திருமணமாகவே ஏற்றதில்லை. நம் நூல்களில் அடிமையின் நிகாஹ் எஜமானின் அனுமதிக்கு உட்பட்டது என்ற கட்டுப்பாடு உண்டு. ஆனால் அனுமதியுடன் நடந்தால் அது நிகாஹ்தான், அதற்கு மஹர் உண்டு, தலாக் உண்டு, வம்சாவளி உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஒப்பந்தமே இல்லை. ஆகவே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தனர் என்பதற்கான சான்றே போதும் என்று மார்ச் சட்டம் வகுத்தது. அதுவரை சட்டத்தின் கண்ணில் படாதிருந்த குடும்பங்கள் முதன்முறையாகக் குடும்பங்களாயின.

ஆனால் கெண்டக்கியின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாண்டே கார்பின் எதிர் மார்ஷ் என்ற வழக்கில், இச்சட்டம் அரசியல் சாசனத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. படைவீரனின் மனைவியொருத்தியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஐக்கிய அரசின் சட்டப்படி அவள் சுதந்திரமானவள். மாநில நீதிமன்றத்தின்படி அவள் அடிமை. படை அதிகாரியின் முன் நின்றால் ஒரு நிலை. ஊர் நீதிபதியின் முன் நின்றால் வேறு நிலை. அவளுக்கு வேலை கொடுப்பவர் கூலி தரலாமா, அல்லது பிறருடைய அடிமையைப் பதுக்கிய குற்றத்திற்கு ஆளாவாரா என்பதும் எவருக்கும் தெரியாது.

இக்குழப்பத்தைத் தம் வழியில் தீர்த்தவர் கெண்டக்கிப் பகுதியின் படைத்தளபதி ஜான் பால்மர். 1865 ஜூலை 4 அன்று அரசு தங்களை விடுவிக்கப்போகிறது என்ற வதந்தியை நம்பி லூயிவில் நகரில் ஆயிரக்கணக்கான அடிமைகள் திரண்டனர். அவர் அவர்களிடம், நீங்கள் சுதந்திரமானவர்கள், படை உங்களைக் காக்கும் என்று அறிவித்துவிட்டார். அப்படி அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். அவர் வழங்கிய பயணச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஒஹாயோ ஆற்றைக் கடந்தனர். அடிமைகள் தப்பிச்செல்ல உதவினார் என்று லூயிவிலில் பால்மர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. டிசம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, போதிய மாநிலங்கள் திருத்தத்தை ஏற்றுவிட்டதால் குற்றச்சாட்டு நிற்காது என்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கெண்டக்கி அத்திருத்தத்திற்குத் தன் ஒப்புதலை அளித்தது 1976இல்!

இங்கே ஒரு சட்டச் சிக்கலை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 'உறுதியானது ஐயத்தால் நீங்காது' என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. உளூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பது ஐயம் எனில் உளூ நிலைத்திருக்கும். இவ்விதியைக் கெண்டக்கி நீதிபதியின் கையில் கொடுத்தால் அவர் என்ன சொல்வார்? "இவள் நேற்று அடிமையாக இருந்தது உறுதி, விடுதலையானது ஐயம், எனவே அடிமைநிலை தொடரும்" என்பார். வாதத்தின் வடிவில் பிழையில்லை. முன்னிருந்த நிலையை நீட்டித்தல் (இஸ்திஸ்ஹாப்) என்பது இதுவே. அவரை எங்கே மறுப்பது?

'அஸ்ல்' எது என்ற இடத்தில்தான் மறுக்க வேண்டும். நேற்றைய நிலையை அடிப்படையாகக் கொள்வதா, அந்த நிலைக்கும் முந்திய நிலையைக் கொள்வதா? ஆதமின் மக்களிடம் அஸ்ல் சுதந்திரமே என்பதில் நம் ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடில்லை. இதன் தெளிவான சான்று 'லகீத்' எனும் கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் சட்டமாகும். தெருவில் கிடந்த குழந்தையின் தாய் தந்தையர் யாரென அறியப்படாதபோது, ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் அக்குழந்தை சுதந்திரமானதே. அடிமை என்று வாதிடுபவன்மீதே ஆதாரம் காட்டும் பொறுப்பு விழும். குழந்தையின் நிறம் இதில் பேசப்படுவதில்லை.

அமெரிக்காவில் இதே வினா 1806இல் ஹட்கின்ஸ் எதிர் ரைட் வழக்கில் எழுந்தது. விடுதலை கோரிய ஒரு குடும்பத்தின் வழக்கில், வர்ஜீனியாவின் நீதிபதி ஜார்ஜ் வித், சுதந்திரம் மனிதர் யாவருக்கும் பிறப்புரிமை, அடிமை என்பவரே அதை நிறுவ வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல் நீதிமன்றம் அக்குடும்பத்தின் விடுதலையை ஏற்றது; ஆனால் வித் கூறிய விதியை ஏற்கவில்லை. வெள்ளையர், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆகியோரின் தோற்றமுடையவர் சுதந்திரமானவர் எனக் கொள்ளப்படுவர். ஆப்பிரிக்கத் தோற்றமுடையவர் அடிமை எனக் கொள்ளப்படுவர், அவரே தம் சுதந்திரத்தை நிறுவ வேண்டும் என்று அது வரையறுத்தது. அஸ்ல் அன்றே நிறத்தால் இரண்டாகப் பிளந்துவிட்டது. 1865இன் ஐயங்களெல்லாம் அடிமையின் தலைமீதே விழுந்ததற்குக் காரணம் போரில் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முந்திய இந்தப் பிளவில் இருந்தது என்பதே என் கருத்து.

இதே ஐயத்தை எதிர்த்திசையில் தீர்த்த ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் உண்டு. துனிஸின் அஹ்மத் பே 1841இல் அடிமை விற்பனையைத் தடைசெய்து சந்தையை மூடினார். 1846 ஜனவரியில் அடிமை முறையையே ஒழித்தார். ஹனஃபீ முஃப்தீ முஹம்மத் பைரம், மாலிகீ முஃப்தீ இப்ராஹீம் அர்ரியாஹீ ஆகிய இருவரும் அவரை ஆதரித்தனர். உலமாக்களுக்கு அவர் எழுதிய மடலின் வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அடிமை முறையே ஹராம் என்று அவர் வாதிடவில்லை. சூடானிய நாடுகளில் இஸ்லாம் நெடுங்காலத்திற்கு முன்பே பரவிவிட்டது. அங்கிருந்து கொண்டுவரப்படுவோர் முஸ்லிம்களாக இருந்திருக்கலாம். சுதந்திரமான முஸ்லிமை அடிமையாக்குதல் கூடாது. எனவே அவர்கள்மீதான உடைமையே ஐயத்திற்குரியது என்பதே அவர் வாதத்தின் மையமாகும். கெண்டக்கி நீதிமன்றம் விடுதலையை ஐயுற்றது. துனிஸின் அரசர் உடைமையை ஐயுற்றார். ஷரீஅத் விடுதலையை நாடி நிற்கிறது என்ற பழைய கோட்பாடு அவருக்குத் துணையாயிற்று. துனிஸ் நகரின் ஸீதீ மஹ்ரிஸ் ஸாவியாவுக்கு ஓடிவந்த அடிமைகளுக்கு அங்கேயே விடுதலைப் பத்திரம் எழுதித் தரப்பட்டது. 1864இல், அமெரிக்கப் போர் உச்சத்தில் இருந்தபோது, துனிஸிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆமோஸ் பெர்ரி கேட்டதற்கிணங்க, நகரசபைத் தலைவர் தளபதி ஹுஸைன் இவ்வொழிப்பின் காரணங்களையும் பலன்களையும் விளக்கி நீண்டதொரு மடல் எழுதினார் என்பதும் வரலாறு.

இதைக் கூறிவிட்டுப் பெருமையுடன் நகர்ந்துவிட முடியாது. நிறம் அடிமைத்தனத்திற்குக் காரணமாகாது என்றும், முஸ்லிம் நாட்டைச் சேர்ந்தவரை அடிமையாக்கலாகாது என்றும் திம்பக்துவின் அஹ்மத் பாபா 1615இலேயே ஃபத்வா எழுதினார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் ஸஹாராவைக் கடந்து அடிமை வணிகம் நடந்துகொண்டேயிருந்தது. துனிஸிலும் 1890இல் மீண்டும் ஓர் ஆணை தேவைப்பட்டது. சவூதி அரேபியா 1962இல்தான் ஒழித்தது; மவுரித்தானியா 1981இல் ஒழித்தும், அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 2007இல்தான். அஸ்ல் நம் நூல்களில் இருந்தது. நம் சந்தைகளில் இருக்கவில்லை.

மீண்டும் அமெரிக்காவிற்கு வருவோம். டிசம்பருக்குப் பின் அடிமை எவருமில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் எந்த நாளிலிருந்து இல்லை? கடன் பத்திரங்களுக்கும் வாடகை ஒப்பந்தங்களுக்கும் இந்த நாள் தேவைப்பட்டது. டெக்ஸஸில் தளபதி கிரேஞ்சர் கால்வஸ்டன் நகரில் விடுதலையை அறிவித்தது 1865 ஜூன் 19. இன்று ஜூன்டீன்த் எனக் கொண்டாடப்படும் நாள் அது. 2021 முதல் தேசிய விடுமுறையும் ஆகும். 1863 ஜனவரியில் லிங்கன் விடுவித்தாரா, ஜூனில் கிரேஞ்சர் விடுவித்தாரா என்ற வழக்கில் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் 1868இல் ஜூன் நாளையே ஏற்றது. அப்படியாயின் இடைப்பட்ட இரண்டரை ஆண்டு உழைப்புக்குக் கூலி கேட்க வழியில்லை.

இந்த நாள்கணக்கில் நம்மவர் ஒருவரும் சிக்குகிறார். ஃபூதா தோரோவில் கற்று, 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டவர் உமர் இப்னு ஸஈத். 1831இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. அதை அவர் 'அல்முல்க்' அத்தியாயத்துடன் தொடங்குகிறார். மாலிக், மம்லூக் என்னும் சொற்கள் அதே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அரபி அறிந்தோர் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். கிளர்ச்சி மாநிலமான வட கரோலினாவில், விடுதலை அறிக்கைக்குப் பின், போர் முடியும்முன் அவர் இறந்தார். லிங்கனின் தாளின்படி சுதந்திரமானவர். ஊர்ச் சட்டத்தின்படி ஓவன் குடும்பத்தின் அடிமை.

பணத்தைப் பற்றிய வழக்குகளில் ஒன்றை மட்டும் காண்போம். 1861 மார்ச்சில் ஓர் அடிமை 'ஆயுள் முழுதும் அடிமை' என்ற உத்தரவாதத்துடன் 1,300 டாலருக்குக் கடனாக விற்கப்பட்டான். விடுதலை வந்ததும், உத்தரவாதம் பொய்த்துவிட்டது, பணம் தரமாட்டேன் என்றான் வாங்கியவன். ஒஸ்போர்ன் எதிர் நிக்கல்சன் என்ற இவ்வழக்கில் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1872இல், விற்ற நாளில் ஒப்பந்தம் செல்லுபடியானது, பின்வந்த இழப்பு உடைமையாளனைச் சேரும், பணம் தரவேண்டும் என்றது. நம் நூல்களிலும், பொருளைக் கைப்பற்றியபின் (கப்ளு) அழிவு வாங்கியவனைச் சேரும். ஆனால் விற்கப்பட்டவன் தொடக்கத்திலேயே சுதந்திரமானவன் என்று வெளிப்பட்டால் அவ்விற்பனை பாத்தில், விலை திரும்பவேண்டும். ஆக மனிதன் விடுதலை 'ஆக்கப்பட்டானா', விடுதலையாகவே 'இருந்தானா' என்ற வினா இங்கும் எதிர்ப்படுகிறது. நீதிமன்றம் முந்தியதைத் தேர்ந்தது. தலைமை நீதிபதி சேஸ் மட்டும் மாறுபட்டார்.

திருத்தத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது: முறைப்படி குற்றம் நிறுவப்பட்டவனுக்குத் தண்டனையாக அடிமைத்தனம் விதிக்கலாம். 1865 நவம்பரிலேயே மிசிசிப்பி, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை 'ஊர்சுற்றி' என்று தண்டித்து, அபராதம் கட்டாதவரைக் கூலிக்கு விடும் சட்டத்தை இயற்றிவிட்டது. மேரிலாந்தில் எலிசபெத் டர்னர் என்ற சிறுமி 1864 நவம்பர் 1 அன்று விடுதலையாகி, இரண்டே நாளில் தொழில் பழகுநர் என்ற பெயரில் பழைய எஜமானிடமே பிணைக்கப்பட்டாள். அது திருத்தத்திற்கு மாறான கட்டாய அடிமைத்தனம் என்று 1867இல் அவளை விடுவித்தவரும் அதே சேஸ்தான். ஆனால் சிறைக் கைதிகளுக்குச் சேஸ் யாரும் வரவில்லை. கைதி என்பவன் அரசின் அடிமை என்று வர்ஜீனிய நீதிமன்றம் 1871இல் எழுதியது. சுரங்கங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் கைதிகளை வாடகைக்கு விடும் முறை தென்மாநிலங்களில் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அந்த விலக்கு 13ஆம் திருத்தத்தில் இன்றும் உள்ளது. தம் மாநிலச் சாசனங்களிலுள்ள இதே விலக்கை கொலராடோ 2018இலும், அலபாமா, டென்னசி, வெர்மான்ட், ஓரிகன் ஆகியவை 2022இலும் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கின. 2024 நவம்பரில் இவ்வினா ஒரே நாளில் இரண்டு மாநிலங்களில் வாக்குக்கு வந்தது. நெவாடா மக்கள் நீக்கினர். கலிஃபோர்னியா மக்கள் நீக்க மறுத்தனர்.